பூமி, தடம், பாத்தியம்: நிலத் தொழிலுக்குப் படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 20 வருடத்துக்கு மேல் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் பூமி வாங்கி விற்றுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் சட்டப் புத்தகத்தை எப்படியோ மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தால்தான் திணறுகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும்தான் கீழே இருப்பவை.

ஏனுங்க, புரோக்கர் ஆகப் பரீட்சை எழுத வேண்டுமா?

தமிழ்நாட்டில் இதற்கென்று பரீட்சை இல்லை, பதிவுதான் உண்டு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா சட்டம், 9-ஆம் பிரிவில் சொல்வது இதுதான்: ரெராவில் பதிவான மனைப்பிரிவையோ அடுக்குமாடி வீட்டையோ விற்றுக் கொடுக்கிறவர் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை ஏறலாம். மகாராஷ்டிராவில் 2023-இல் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாகிவிட்டன. இங்கேயும் வரலாம் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், படிப்பதில் நட்டமில்லை.

நாலு ஏக்கர் காட்டை ஒரு விவசாயியிடமிருந்து இன்னொரு விவசாயிக்கு முடித்துக் கொடுப்பதற்கு இந்தப் பதிவு தேவையில்லை. பத்திரம் எழுதும் வேலைக்கு உரிமம் தனி, அதைத் தருவது பதிவுத்துறை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பத்திரத்தில் "காடு" என்று இருக்கிறது. வனத்துறை நிலமா?

சென்னையிலிருந்து வந்த ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். நம் ஊரில் காடு என்றால் மானாவாரி நிலம், மழையை நம்பி சோளமும் கொள்ளும் விதைக்கிற இடம். கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைந்தால் வயல். மூன்றுக்கும் பொதுப்பெயர் பூமி. "பூமி வாங்கினேன்" என்றால் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். தோட்டத்துக்குள் இருக்கும் வீடு சாளை.

அரசுக் கணக்கில் இவ்வளவு நுணுக்கம் கிடையாது. நஞ்சை, புஞ்சை என்ற இரண்டுதான். நம் தோட்டமும் காடும் சேர்ந்து புஞ்சைக் கணக்கில் வந்துவிடும். பத்திரத்தில் "பு.ஏக்கர் 3.00" என்று பார்த்தால் புஞ்சை மூன்று ஏக்கர் என்று வாசிக்கவும். உண்மையான வனத்துறை நிலத்துக்குக் காப்புக்காடு என்று பெயர். அந்த வார்த்தை கண்ணில் பட்டால் மட்டும் பயப்படலாம்.

ஏக்கர், சென்ட், ஏர்: எதை எதற்குப் பெருக்குவது?

ஒரு ஏக்கருக்கு 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், நம் கணக்கில் 2.47 சென்ட். 100 ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், பேசுவது ஏக்கரில், பட்டா வருவது ஹெக்டேரில். பட்டாவில் "1 - 21.50" என்று இருந்தால் 1 ஹெக்டேர் 21.50 ஏர், அதாவது 121.5 ஏர். 2.47-ஆல் பெருக்கினால் 300 சென்ட், மூன்று ஏக்கர் சரியாக இருக்கிறது. "0 - 81.00" என்றால் இரண்டு ஏக்கர். விற்கிறவர் முன்னால் கால்குலேட்டரைத் தேடாமல் இருக்க இந்த இரண்டையும் மனதில் வைத்திருக்கிறேன்.

மனை விஷயத்தில், சென்னையில் 2,400 சதுர அடிக்கு கிரவுண்ட் என்பார்கள். கோவையில் அதே மனையை ஐந்தரை சென்ட் என்பார்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, எப்.எம்.பி. எல்லாம் ஒன்றா?

பட்டா யார் பெயரில் நிலம் இருக்கிறது, வரி யார் கட்டுவது என்று வருவாய்த்துறை வைத்திருக்கும் கணக்கு. சிட்டா ஒருவர் பெயரில் உள்ள நிலங்களின் பட்டியல். முன்பு அது தனித்தாள், இப்போது பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. அடங்கல் கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது, எந்தப் பசலியில் என்ன பயிர் இருந்தது என்று. அ-பதிவேடு கிராமத்தின் நில ஜாதகம்: புல எண்வாரியாக நஞ்சையா புஞ்சையா, பட்டா நிலமா புறம்போக்கா என்று இருக்கும். எப்.எம்.பி. அந்தப் புலத்தின் அளவு வரைபடம்.

பசலியைக் கண்டு மிரள வேண்டாம். ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி. எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். 1434-ஆம் பசலி என்றால் 2024 ஜூலையில் தொடங்கியது.

கோவைப் பக்கம் சர்வே எண்ணை, அதாவது புல எண்ணை, எஸ்.எப். நம்பர் என்பார்கள், தமிழில் க.ச. எண் என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒரே எண்தான்.

பட்டா இருந்தால் சொத்து அவருடையதுதானே?

இல்லை. உரிமையைச் சொல்வது பத்திரம். பட்டா ஒரு துணை ஆதாரம் மட்டுமே என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 1980-களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் கணக்குகளைப் புதிதாக எழுதினார்கள். அப்போது பங்காளி பெயருக்குப் பட்டா போன கதை ஊருக்கு ஊர் உண்டு. பத்திரத்தில் ஒருவர், பட்டாவில் அவருடைய சித்தப்பா மகன் என்று இருந்தால் முதலில் யு.டி.ஆருக்கு முந்தைய கணக்கைக் கேட்டு வாங்கவும். அந்தப் பிழையைத் திருத்தும் அதிகாரம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செக்குபந்தியை எப்படி வாசிப்பது? எனக்குத் திசை எப்போதும் தலைகீழாக வருகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான் வரும். செக்குபந்தி என்பது சொத்தின் நாலு பக்க எல்லை. ஒரு பத்திர வாசகத்தைப் பாருங்கள்:

"ஆறுமுகம் பூமிக்கும் கிழக்கு, தென்வடல் இட்டேரிக்கும் மேற்கு, க.ச. 214 நெ. காலைக்கும் தெற்கு, கிழமேல் வாய்க்காலுக்கும் வடக்கு, இதன் மத்தியில் பு.ஏக்கர் 3.00."

காலை என்றால் இங்கே புலம், இட்டேரி என்றால் வேலிகளுக்கு நடுவில் போகும் வழி. புதியவர்கள் "ஆறுமுகம் பூமி கிழக்கே இருக்கிறது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். தப்பு. ஆறுமுகம் பூமிக்குக் கிழக்கே இருப்பது நாம் வாங்கும் இடம், அதனால் ஆறுமுகம் நமக்கு மேற்கே. இட்டேரி நமக்குக் கிழக்கே, 214 வடக்கே, வாய்க்கால் தெற்கே. பத்திரம் பக்கத்துக்காரர் பூமியில் நின்றுகொண்டு நம்மைக் கை காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தென்வடல் என்றால் தெற்கு வடக்காக ஓடுவது, கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக ஓடுவது. ஜாதியடி என்றால் அடி அளவு. மனைப் பத்திரத்தில் "கிழமேல் ஜாதியடி வடபுறம் 40, தென்புறம் 40, தென்வடல் ஜாதியடி கீழ்புறம் 60, மேல்புறம் 60" என்று வரும். நாலு பக்கமும் தனித்தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வடபுறம் 40, தென்புறம் 36 என்று இருந்தால் மனை கோணல். அதை வாங்குகிறவரிடம் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும், கட்டடத்துக்குக் கயிறு பிடிக்கும் அன்று மேஸ்திரி சொல்லித் தெரியக் கூடாது.

இன்னொன்று, செக்குபந்தியில் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் செத்துப்போனவர்களுடையவை. 1962 பத்திரத்தின் ஆறுமுகத்தை இன்று தேடினால் அவர் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பார். இடத்துக்குப் போய், நாலு பக்கமும் இன்று யார் உழுகிறார்கள் என்று கேட்டு, பெயருக்குப் பெயர் பென்சிலில் எழுதிக்கொள்வது என் வழக்கம்.

தடம், வண்டித்தடம், இட்டேரி: இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

என் தொழிலில் நான் பட்ட பெரிய அடி இந்த வார்த்தையில்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இட்டேரி என்பது இரண்டு பக்கமும் வேலி வைத்து நடுவில் போகும் பழைய வழி. ஊர் முழுக்கப் புழங்குவது. பெரும்பாலும் வரைபடத்திலேயே வண்டிப்பாதை என்று குறித்திருக்கும். தடம் அப்படியல்ல. அது ஒருவருடைய பட்டா பூமிக்குள் இன்னொருவர் போக வர விட்ட வழி. வரைபடத்தில் இருக்காது, பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

தொழிலுக்கு வந்த முதல் வருடம் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தை முடித்துக் கொடுத்தேன். பத்திரத்தில் "மாமூல் தடத்தில் போக வர உள்ள பாத்தியமும்" என்று இருந்தது. பாத்தியம் என்றால் உரிமை. தடம்தான் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தேன். பத்திரம் முடிந்து மூன்றாம் மாதம் வாங்கியவர் டிராக்டர் கொண்டு போனார். முன் பூமிக்காரர் கிளுவை முள்ளை வெட்டிப் போட்டு மறித்துவிட்டார். "மாமூலா ஆளும் மாடும்தானுங்க போகும், வண்டி எப்பப் போச்சு?" என்றார். பழைய பத்திரத்தைத் தேடி எடுத்தோம். 1971-இல் எழுதிய பாகப்பிரிவினையில் "ஆள், கால்நடை போக வர" என்றுதான் இருந்தது, வண்டி இல்லை. கடைசியில் வாங்கியவர் எட்டடி அகலத்துக்குத் தனியாகக் காசு கொடுத்துத் தடம் வாங்கினார். நான் கமிஷனைத் திருப்பிக் கொடுத்தேன். முன் பூமிக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னது எழுத்தில் இருந்ததைத்தான்.

அதிலிருந்து மூன்றைப் பார்க்கிறேன். எந்த க.ச. எண்ணுக்குள் தடம் போகிறது, அகலம் எத்தனை அடி, "ஆள், கால்நடை, வண்டி வாகனாதிகள்" என்று மூன்றும் எழுதியிருக்கிறதா. "மாமூல்" என்ற சொல் வழக்கமானது என்று மட்டும் சொல்லும், எது வழக்கம் என்று சொல்லாது.

பாடத்தில் இதற்கு வசதியுரிமை என்று பெயர். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அதைப் பேசுகிறது. எழுத்தில் இல்லாவிட்டாலும், தடையில்லாமல் உரிமையாகவே 20 வருடம் புழங்கிய வழியை நீதிமன்றத்தில் கேட்கலாம். கேட்கலாம் என்பதற்கும் கிடைத்துவிடும் என்பதற்கும் நடுவில் சில வருடங்களும் ஒரு வக்கீலும் இருக்கிறார்கள்.

"கிணற்றில் 4-ல் 1 பாகம்" என்றால் எனக்கு எவ்வளவு தண்ணீர்?

ஒரு கிணறு, நாலு பங்காளி. வாங்குகிறவருக்கு நாலில் ஒரு பங்கு. ஆனால் தண்ணீரை யாரும் அளந்து பிரிப்பதில்லை, முறை வைத்து நாள் கணக்கில் பிரிக்கிறார்கள். நாலு நாளுக்கு ஒரு நாள் நம் முறை என்று வரும். கிணறு தவிர மோட்டாரும் மின் இணைப்பும் தனித்தனிப் பங்கு. "5 எச்.பி. சர்வீஸ் பொதுவில்" என்று இருந்தால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, மோட்டார் ரிப்பேருக்கு யார் காசு போடுவது, தண்ணீர் ஓடும் மண் வாய்க்கால் யார் பூமி வழியாக வருகிறது என்று மூன்றையும் கேட்கவும். வாய்க்கால் பாத்தியம் எழுதாமல் கிணற்றுப் பங்கு மட்டும் எழுதியிருந்தால், தண்ணீர் உங்களுடையது, அது வரும் வழி உங்களுடையதல்ல.

பங்காளி என்ற உறவுப்பெயரே பங்கிலிருந்து வந்ததுதான், யோசித்துப் பாருங்கள்.

ஆயக்கட்டு?

ஒரு வாய்க்காலோ அணையோ பாசனம் தரும் என்று அரசு பதிந்துவைத்த நிலப்பரப்பு. கீழ்பவானி வாய்க்காலுக்கு 2.07 லட்சம் ஏக்கர். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு. வாய்க்கால் பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு பூமி ஆயக்கட்டு ஆகிவிடாது, பதிவேட்டில் இருக்க வேண்டும். பி.ஏ.பி.யில் மண்டலம் மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவதால், "பி.ஏ.பி. பாயுமுங்க" என்று ஒருவர் சொன்னால் எந்த மண்டலம் என்பது அடுத்த கேள்வி.

கிரயம், செட்டில்மென்ட், விடுதலை, பாகப்பிரிவினை: சொத்து கை மாறுவதுதானே எல்லாம்?

கை மாறுகிறது, ஆனால் காரணம் வேறு வேறு. பணத்துக்குக் கொடுத்தால் கிரயம். பாசத்துக்குக் கொடுத்தால் தான செட்டில்மென்ட். ஏற்கெனவே பொதுவில் பங்கு உள்ள ஒருவர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலை. பொதுவில் இருந்ததை ஆளுக்கு இவ்வளவு என்று வெட்டிக்கொண்டால் பாகப்பிரிவினை. பங்கே இல்லாத ஒருவருக்கு விடுதலை எழுத முடியாது என்பது தேர்வு மாதிரிக் கேள்விகளில் அடிக்கடி வருவது.

உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். போக்கியம் என்றால் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, போகும்போது தொகை திரும்ப வரும்.

தாய்ப்பத்திரம் என்பது பத்திர வகை அல்ல. இன்றைய பத்திரத்துக்கு மூலமான பழைய பத்திரம், அவ்வளவே.

வில்லங்கச் சான்று (இ.சி.) "நில்", அதாவது ஒன்றும் இல்லை என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?

பாதி நிம்மதி. இ.சி. காட்டுவது பதிவுக்கு வந்தவற்றை மட்டும். பதிவில்லாத உயில் வராது, பதிவான உயிலும் வராது, ஏனென்றால் உயில் ஏறும் புத்தகம் வேறு. வாய்மொழிப் பாகம் வராது. ஊர்ப் பைனான்ஸ்காரரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைக்கடன் வராது. இதனால்தான் அசலைக் கண்ணால் பார்க்கிறோம். "லாக்கரில் இருக்கிறது, நாளைக்குக் காட்டுகிறேன்" என்று மூன்று முறை சொன்னால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்று நான் முடிவு செய்துகொள்வேன். ஒருமுறை தப்பாகவும் போனது. அந்த அம்மாவின் லாக்கர் சாவி நிஜமாகவே மகனோடு பெங்களூரில் இருந்தது.

பவர் வாங்கினால் சொத்து வாங்கிய மாதிரி என்கிறார்களே?

2011-இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் இதை முடித்துவைத்துவிட்டது. பொது அதிகாரப் பத்திரம் ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அனுமதி, உரிமை மாறாது. பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். ஆகவே பவர் ஏஜென்ட் கிரயம் செய்யும் நாளில் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று பார்க்கவும்.

அக்ரிமெண்டும் அப்படியே. கிரய உடன்படிக்கை வாங்கும் உரிமையைத் தரும், சொத்தைத் தராது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதையும் பதிவு செய்ய வேண்டும். முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மஞ்சப்பையில் பணம் கொண்டுவரும் பார்ட்டிகளுக்கு இதைச் சொன்னால் முகம் மாறும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தங்கச்சிக்குச் சீர் செய்தாகிவிட்டது. அவர் கையெழுத்து எதற்கு?

சீர் வேறு, பங்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-இலேயே, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைத் தொடுவதில்லை.

ஆகவே பூர்வீக பூமி விற்பனைக்கு வந்தால், "உங்களுக்கு உடன்பிறந்தவங்க எத்தனை பேருங்க?" என்பது என் முதல் கேள்வி. "ரெண்டு பேர்" என்று பதில் வரும். "அக்கா தங்கச்சிங்க?" என்று மறுபடி கேட்டால்தான் நாலு ஆகும். வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முன்பே விடுதலை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வரும் நாளில் வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு: முத்திரைத் தீர்வை எதற்கு?

கிரயத்துக்குத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் என்று எழுதினால் 1,40,000-ம் 40,000-ம், ஆக 1,80,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு அரசு தெருவாரியாக, புல எண்வாரியாக வைத்திருக்கும் விலை. அதற்குக் கீழே எழுதினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின் கீழ் தனித்துணை ஆட்சியருக்குப் போகும். பத்திரம் கைக்கு வராமல் நிலுவையில் நிற்கும். பத்திரத்தில் கையெழுத்தான நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் பாடத்தில் வரும்.

டி.டி.சி.பி., ரெரா இரண்டும் இருக்க வேண்டுமா?

டி.டி.சி.பி. என்பது நகர் ஊரமைப்பு இயக்ககம், மனைப்பிரிவு வரைபடத்துக்கு அனுமதி தருவது. ரெரா அந்தத் திட்டத்தை விற்பதற்கான பதிவு. 500 சதுர மீட்டருக்கு மேலோ, 8 வீட்டுக்கு மேலோ இருந்தால் பதிவு வேண்டும். ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அனுமதியற்ற மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தியபோது எங்கள் தொழில் பல மாதம் படுத்துக்கிடந்தது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்துதான் எழுந்தது.

தொண்டாமுத்தூர், மதுக்கரை என்று மலையடிவாரம் போனால் ஹாகா என்ற இன்னொரு சொல்லும் வரும். மலையிடப் பாதுகாப்புக்கான குழு அது. அதன் பட்டியலில் உள்ள கிராமமா என்று பார்க்காமல் "மலை வியூ மனை" விளம்பரத்தை நம்பி ஆளைக் கூட்டிப் போக வேண்டாம்.

கார்பெட் ஏரியா, யு.டி.எஸ்.?

வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி நீங்கலாக, உள்சுவர்கள் சேர்த்து, வீட்டுக்குள் புழங்கும் பரப்பு கார்பெட் ஏரியா. யு.டி.எஸ். என்பது அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் பழசாகும், யு.டி.எஸ். பழசாகாது.

தொடவே கூடாத நிலங்கள் என்று ஏதாவது?

பஞ்சமி நிலம்: ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு அரசு கொடுத்தது, அவர்கள் அல்லாதவருக்கு விற்றால் செல்லாது. கோயில் நிலம்: அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பூமிதான நிலம்: பூதான இயக்கத்தில் தானமாக வந்தது. நீர்நிலைப் புறம்போக்கு. அ-பதிவேட்டையும் பழைய கணக்கையும் பார்த்தால் இவை பெரும்பாலும் தெரிந்துவிடும். கிராம நத்தம் இந்தப் பட்டியலில் வராது, அது குடியிருப்புக்கென்று விட்ட இடம், வாங்கலாம் விற்கலாம்.

கமிஷன் எவ்வளவு கேட்கலாம்?

எங்கள் பக்கம் வழக்கம் இரண்டு சதவீதம். பெரிய பூமியென்றால் ஒன்றுக்கு இறங்கும். வாங்குகிறவர், விற்கிறவர் இருவரிடமும் வாங்குவதாக இருந்தால் இருவருக்கும் அது தெரிய வேண்டும். முதல் நாள் இடம் காட்டும்போதே சொல்லிவிடவும். பதிவு அலுவலக வாசலில், கையில் மை காயாமல் நிற்கிறவரிடம் கமிஷன் பேசினால், "அட, அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றுதான் பதில் வரும்.